நாத்தனார் உறங்கும் கீழறை

லியேஜ்,
21 நவம்பர் 1973

அன்பு மகள் ஓடிலுக்கு,

உன் அத்தையை நான் நிலவறையில் போட்டு வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மதாம் கொலார் உனக்கு என்ன எழுதியிருப்பாள் என்பது உன் கடிதத்தின் இரண்டாம் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நிலவறையில் வைப்பது உருளைக்கிழங்கை. நானும் உன் அத்தை பிலோமெனும் இருப்பது கீழ்ச் சமையலறையில். தெருவுக்குப் பாதி கீழே, பாதி மேலே. அதற்கு ஜன்னல் உண்டு. அதன் வழியே மதாம் கொலாரின் செருப்பு போவதும் வருவதும் தெரியும். எங்கள் வீட்டின் முன்னால் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் தெரியும்.

நாங்கள் நொடித்துப்போய்விட்டோம் என்று அவள் எழுதியிருந்தால் அதுவும் தவறு. எண்ணெய் விலை ஏறிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கமே சொல்கிறது. இந்த நிலையில் இரண்டு கிழவிகளுக்காக மூன்று மாடிக்கும் கொதிகலனை எரிப்பது முறையல்ல. மாடிகளைப் பூட்டிவிட்டேன். பழைய நிலக்கரி அடுப்பைத் தேய்த்து மெருகேற்றினேன். இடுப்பு உடைந்ததிலிருந்து உன் அத்தையால் படி ஏற முடிவதில்லை. அவள் கட்டிலை அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

அடுப்பை எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாய். உன் பாட்டி செய்தபடிதான். கரித்தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடிக்கிறேன். படுக்கப் போகுமுன் ஈர உருண்டைகளால் தணலை மூடி, புகைக்குழாயில் இருக்கும் தகட்டை முக்கால்வாசி திருப்பிவிடுவேன். சூடு வெளியே ஓடாது. காலையில் கிளறினால் தணல் உயிரோடு இருக்கும். “லியோனி, அது அடுப்பா, நீ பெத்த பிள்ளையா? போர்த்தி விட்டுத் தூங்க வெக்கிறியே!” என்று உன் அத்தை கேலி செய்கிறாள். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை ஒட்டினேன். சுவரின் அடியில் உள்ள காற்றுத் துளையிலிருந்து அவள் காலுக்கு நேராக வாடை வந்தது. அதில் ஒரு கம்பளிக் காலுறையைத் திணித்தாயிற்று. மடத்துப் பள்ளியில் இதைவிடக் குளிர்ந்த கூடத்தில் உறங்கி வளர்ந்தவள் நான். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

சீட்டாட்டத்தில் அவள் இன்னும் கள்ளத்தனம் செய்கிறாள்.

உன் அம்மா,
லியோனி

*

மொன்றியல்,
30 நவம்பர் 1973

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்களும் அத்தையும் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பின் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். மதாம் கொலாரைக் கோபிக்காதீர்கள். “உங்க அத்தையை ரெண்டு வாரமா வெளிச்சத்துல பாக்கல, மனசு கேக்கல” என்றுதான் எழுதியிருந்தார்.

நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். அந்தக் காலுறையை வெளியே எடுத்துவிடுங்கள், அம்மா. தகட்டைத் திருப்பாதீர்கள். புகைபோக்கியைத் துடைக்க ஆளைக் கூப்பிடுங்கள்; அப்பா போன பிறகு யாராவது துடைத்தார்களா? நிலக்கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரிக்குக் குளிர்காலம் தொடங்கியதுமே அதைச் சுவாசித்தவர்கள் வருகிறார்கள். எல்லோரும் நல்ல வீட்டுக்காரர்கள். எல்லோரும் இடுக்குகளை ஒழுங்காக அடைத்தவர்கள்.

இரவில் அடுப்பு அணைந்திருந்தால் ஒன்றும் ஆகாது. செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, ஃபிளானல் துணியில் சுற்றி, அத்தையின் காலடியில் வையுங்கள். செலவே இல்லை. செய்வீர்களா?

முத்தங்களுடன்,
ஓடில்

*

லியேஜ்,
8 டிசம்பர் 1973

அன்பு மகளுக்கு,

நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் பெண்ணைப் பெற்றவள், கடிதத்தில் மருந்துச்சீட்டை எதிர்பார்க்கத்தான் வேண்டும். நீ சொன்னதை யோசித்தேன். புகை வரும் அடுப்புக்குத்தான் துடைப்பவன் வேண்டும். என் அடுப்பில் ஒரு நூல் புகை கிடையாது.

தவிரவும், குளிர் விட்டுவிட்டது. மூன்று நாளாக மூடுபனி. காற்று அசையவில்லை. நதியின் அக்கரை தெரியவில்லை. இந்த இதமான வானிலைக்கு எதற்குக் கரியை வீணாக்குவது என்று இரவில் தகட்டை முழுவதுமே மூடிவிடுகிறேன்.

உன் அத்தைதான் என்னைச் சோதிக்கிறாள். சூடு கூடினால் மனிதர்கள் சோம்பேறியாவார்கள் என்று மடத்தில் சொல்வார்கள், கண்முன் பார்க்கிறேன். காலையில் எழுப்பினால் எழுவதில்லை. நேற்று லீக்ஸ் சூப்பை வாயில் வைத்ததும் வாந்தி எடுத்தாள். “சூப்புல என்னத்தப் போட்டே?” என்றாள். “உப்புப் போட்டேன், பொறுமையையும் போட்டேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. சீட்டைக் கையில் கொடுத்தால் எது ராணி, எது ராஜா என்று வெறித்துப் பார்க்கிறாள். கள்ளத்தனம்கூடச் செய்வதில்லை. அதுதான் எனக்குச் சற்றுக் கலக்கமாக இருக்கிறது. கன்னங்கள் மட்டும் ரோஜா நிறத்தில் நன்றாகவே இருக்கின்றன.

எனக்கும் விடியும்போது தலை கனக்கிறது. பூசைக்குப் புறப்பட்டுத் தெருமுனை தாண்டியதும் விட்டுவிடுகிறது. ஜெபத்தின் பலன் என்று பாதிரியாரிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை டாக்டரை வரச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். வயதுதான் காரணம் என்பார்.

உன் அம்மா,
லியோனி

*

மொன்றியல்,
14 டிசம்பர் 1973

அம்மா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அது ஜெபமில்லை, அம்மா, காற்று. தெருவில் காற்று இருக்கிறது, உங்கள் அறையில் இல்லை. நீங்கள் வெளியே போய் வருகிறீர்கள். அத்தை போவதே இல்லை. மூடுபனியில் புகைபோக்கி புகையை மேலே இழுக்காது. நீங்கள் தகட்டையும் மூடிவிட்டீர்கள்.

நம் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. பூட்டிய மாடியில் அடித்தால் கீழே எப்படிக் கேட்கும்? ஆகவே மதாம் கொலாருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்: “உடனே போங்கள். கதவை உடைத்தாவது திறங்கள். இருவரையும் வெளியே கொண்டு வாருங்கள்.” இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். நீங்கள் எழுதிய தேதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு எத்தனை இரவு அந்தத் தகட்டை மூடினீர்கள்?

யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஓடில்

*

லியேஜ்,
17 டிசம்பர் 1973

ஓடிலுக்கு,

உன் அத்தை உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மதாம் கொலார் தன் கணவனோடு வந்து கதவை இடித்தாள். “லியோனி! கதவைத் தொற!” தெருவே கேட்டது. நான் நாற்காலியில் கண் அயர்ந்திருந்தேன். எழுந்து திறக்க வந்தேன். கால்கள் என்னுடையவை போல இல்லை. அவள் என்னை ஒரு மூட்டையைப் போல ஒதுக்கிவிட்டு நேராகப் போய், முழங்கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். “நீங்க என்ன செய்றீங்கன்னு தெரியுதா, மதாம்?” என்று கேட்டேன். “வாயை மூடிட்டு வெளியே போய் மூச்சு விடு!” என்றாள். நாற்பது வருடமாக என்னை ‘நீங்கள்’ என்று அழைத்தவள்.

அவள் கணவன் அழைத்து வந்த தீயணைப்புக்காரர்கள் உன் அத்தையை ஒரு நாற்காலியில் கட்டித் தூக்கி வந்தார்கள். இரவு உடையோடு, தொப்பியில்லாமல். அண்டை வீட்டார் எல்லோரும் நின்றார்கள். நான் அவள் மேல் என் சால்வையைப் போர்த்தினேன். அவளுக்கு யார் போர்த்துகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “இன்னொரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டாங்க” என்றார். அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நேற்று என் பெயரைச் சொன்னாள். இன்று சூப் கேட்டாள். ஆஸ்பத்திரி சூப் என்னுடையதைவிட மோசம் என்றும் சொன்னாள்.

கண்ணாடிக்காக மதாம் கொலார் மன்னிப்புக் கேட்டாள். நான் அவளுக்கு ஒரு கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா

*

மொன்றியல்,
27 டிசம்பர் 1973

அன்புள்ள அம்மாவுக்கு,

மதாம் கொலாரின் பதில் தந்தி வரும்வரை இரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அழுது முடித்துவிட்டேன்.

உங்கள் மீது எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே சூடான அறை, படியில்லாத தரை. நீங்கள் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள். ஆனால் நான் சொன்னபோது கேட்கவில்லை. இங்கிருந்துகொண்டு இன்னொரு குளிர்காலம் உங்கள் கடிதங்களைப் பயந்து பயந்து பிரிக்க என்னால் முடியாது.

ஓடில்

*

லியேஜ்,
9 ஜனவரி 1974

அன்பு மகள் ஓடிலுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வரியையும் மறைக்கவில்லை. பிறகு கேட்டேன்.

“கன்னியர் இல்லத்துக்குப் போறியா?”

“அங்க சீட்டாட்டம் பாவமாமே. கேட்டு வெச்சுட்டேன்.”

“அப்ப வீட்டுக்கு வர்றியா?”

“உன்கூட இருக்க ஆசைதான் லியோனி. அந்த ரூமுக்கு வரத்தான் பயமா இருக்கு.”

“எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்.”

“அப்பவும் எல்லாம் சரின்னுதான் சொன்னே.”

கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன். யார் சொன்னால் நம்புவாய் என்று கேட்டேன்.

“ஓடில் சொல்லட்டும். அவ எழுத்துல பாக்கணும்.”

ஆகவே அறை இப்போது இருக்கும் நிலையை எழுதுகிறேன். புகைபோக்கியைத் துடைத்தாயிற்று. செர்வே என்பவன் வந்தான். காக்கைக் கூடு ஒன்றையும் இரண்டு வாளி புகைக்கரியையும் இறக்கினான். குழாய்த் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான், நான்தான் கொண்டுபோகச் சொன்னேன். காலுறையை எடுத்துவிட்டுத் துளைக்குக் கம்பி வலை வைத்தேன். உயரத்தில் இன்னொரு துளையும் போட்டோம். பகலில் மட்டும் அடுப்பு எரியும். மாலையில் கரி போடுவதை நிறுத்திவிடுவேன். அது தானாக அணையும், ஈர உருண்டைகளால் மூடுவதில்லை. கட்டிலைக் குளிர்ச்சுவரிலிருந்து நகர்த்தி, நான்கு கால்களுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தினேன். தரையில் பலகை, அதன் மேல் மாடிக் கூடத்துக் கம்பளம். கட்டிலைச் சுற்றி உன் அப்பாவின் படிப்பறைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டிருக்கிறேன். நீ சொன்ன செங்கற்கள் காலடியில் இரண்டு, முதுகுப் பக்கம் ஒன்று.

சாதகமில்லாததையும் சொல்ல வேண்டும். பின்சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. அடுப்பு பிடிக்கும்வரை காலையில் வாயிலிருந்து ஆவி வருகிறது. ஒரு வாரமாக நானே அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கிறேன். குளிர்கிறது, ஆனால் தாங்க முடிகிறது. தலை கனக்கவில்லை. மதாம் கொலார் தினமும் காலையில் ஜன்னலைத் தட்டி, “உசுரோட இருக்கியா?” என்று கேட்கிறாள். நான்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வீட்டைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. உன் அப்பாவிடமும் கேட்டதில்லை. இப்போது உன்னிடம் கேட்கிறேன்: இந்த அறையில் பிலோமென் உறங்கலாமா, கூடாதா? எனக்காக இரக்கப்பட்டுச் சொல்லாதே. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் என்ன சொல்வாயோ, அதையே சொல். கூடாது என்றால் இல்லத்துக்கு நானே அவளைக் கூட்டிப்போய்ச் சேர்க்கிறேன்.

மாத முடிவில் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். தந்தி வேண்டாம், தொலைபேசி வேண்டாம். உன் கடிதத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும். எழுதி அனுப்பு.

உன் அம்மா,
லியோனி