என் பெயரில் ஒரு ஸ்கோர் அட்டை

பிப்ரவரி 4, புதன். மரக்காணம்

விடிந்ததிலிருந்தே வெயில். காற்று இல்லை. உப்பளத்துக்குப் பின்னால் களர் நிலத்தில் கடைசிப் பயிற்சி. அறுபது பந்து. எல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்தவை. வெள்ளைப் பந்து உப்பில் விழுந்தால் அப்புறம் கண்ணுக்கே தெரியாது. அப்படியும் நாலு தொலைந்தது.

துபாயில் பதினேழு வருஷம் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினேன். வேலையாட்கள் ஸ்டிக்கைத் தொடக் கூடாது. தொட்டதில்லை. ஊர் திரும்பி மூன்று வருஷமாக இந்த உப்பு மண்ணில் தனியாக அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது நிஜப் புல்லில், பதினெட்டுக் குழியிலும் பந்தை நூறுக்கும் குறைவான அடியில் தள்ளி முடிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் இரண்டிலும் வெளியாளும் கட்டணம் கட்டி ஆடலாமாம். போனில் கேட்டாயிற்று.

பக்கத்துப் பாத்தி செல்வம்: "இன்னாண்ணே, குழியில பால் தள்ளறதுக்கு ஊட்டி வரைக்கும் போறியாமே. இங்கயே ஒரு குழி தோண்டித் தர்றேன்." சிரித்துவிட்டு வந்தேன். உள்ளே சுருக்கென்றது.

ஸ்டெல்லாவும் வருகிறாள். உப்பு வாருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். வேளாங்கண்ணியை விட்டால் சேர்ந்து போகிற முதல் ஊர்.

எடுத்து வைக்க: ஸ்வெட்டர் 2. ஸ்டிக் பை (துபாயை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் கொடுத்த பழைய செட்). முட்டிவலித் தைலம். ஸ். மாத்திரை. புளிச்சோறு.

பிப். 6, வெள்ளி. ஊட்டி

குளிர். பேசினால் வாயிலிருந்து புகை. மலைச் சரிவெல்லாம் புல். குனிந்து தடவிப் பார்த்தேன். அருமையான வெட்டு. கொஞ்ச நேரம் கையை எடுக்க மனசில்லை.

பை தூக்க ஒரு பெரியவர் வந்தார். ஸ். விடவில்லை. "உப்புக் கூடை தூக்கினவ நானு. இது ஒரு கனமா?" மூன்றாவது குழியிலிருந்து பை அவள் தலையில். துண்டைச் சுருட்டி அடியில் வைத்துக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

என் ஆட்டம்: கேவலம். முதல் அடிக்கு நிற்கும்போதே பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். ஸ்டிக் காற்றை வெட்டியது, பந்து அங்கேயே. முடிவில் 121. முள் புதரில் ஒன்பது பந்து போயிற்று.

அறையில் ஸ்வெட்டரோடு சுருண்டு படுத்தேன். செல்வம் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. ஸ். கேட்டாள்:

"ஒம்பது பால் தொலைச்சீங்க. மிச்சம் எத்தினி இருக்குது?"

"பதினொன்னு."

"அப்ப போதும். நாளைக்கும் போலாம்."

பிப். 7, சனி. ஊட்டி

108. தொலைந்தது இரண்டே பந்து.

புரிந்துபோயிற்று. களர் தரை கெட்டி. லேசாகத் தட்டினாலே பந்து துள்ளும். புல்லில் அது நடக்காது. பந்தை அமுக்கி, அடியில் புல்லும் பெயர்கிற மாதிரி அடிக்க வேண்டும். புல் பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் மனசு பதறுகிறது. பெயர்ந்ததை எல்லாம் திரும்ப வைத்து மிதித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மதியம் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. ஸ். நாலு, நான் இரண்டு.

பிப். 8, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை. பிறகு நாள் முழுக்க பஸ். பழனியில் இட்லி. மலை ஏறும்போது ஸ். வாந்தி. "இறங்கும்போது எனக்கு எலுமிச்சம்பழம் வேணும்" என்பதோடு சரி.

பிப். 9, திங்கள். கொடைக்கானல்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

தனியாக வந்த இன்னொருவரோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். ராமநாதன், மதுரை, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "சார் எந்த ஊர்ல ஆடறீங்க?" என்றார்.

"மரக்காணம்."

"அங்க கோல்ஃப் இருக்கா?"

"நான் இருக்கேன் சார்."

நாலாவது குழிக்குப் போகும் வழியில் காட்டெருமைகள். ஏழு. கால் மணி நேரம் நின்றோம். ஸ். அவற்றைப் பார்த்து, "பாவம், அதுவும் உங்க புல்லத்தான் தின்னுது" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து என் கை இளகிவிட்டது. பாதி ஆட்டத்தில் 49.

ராமநாதன் சார் பந்து உருளும் திசையை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நான் சொன்ன பக்கமே மூன்று தடவை உள்ளே போயிற்று. "எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" பதினேழு வருஷம் புல் வெட்டினேன் என்றேன். "அப்ப நீங்கதான் எனக்கு சார்" என்றார்.

பதினேழு குழி முடிந்து 94. கடைசிக் குழியில் ஐந்து அடித்தால் 99. இரண்டாவது அடி பைன் மரத்தடியில் விழுந்தது. உதிர்ந்த இலையை விலக்கினேன். பந்து அசைந்தது. அசைந்தால் கணக்கில் ஒரு அடி கூடும். ஒரு விரற்கடைகூட இருக்காது. ராமநாதன் சார் தூரத்தில். ஸ். மட்டும் பக்கத்தில்.

"யாரும் பாக்கல" என்றாள், மெதுவாக.

பந்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குரல் கொடுத்தேன். "சார், பால் அசைஞ்சுடுச்சு. ஒரு அடி சேத்துக்கோங்க."

ஸ். பையைத் தொப்பென்று இறக்கினாள். "வாய வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா?"

இப்போது மூன்று. நாலாவது அடியில் பந்து குழி இருக்கும் பச்சைத் திட்டுக்கு ஏறிவிட்டது. ஆனால் குழி பதினெட்டுத் தப்படி தள்ளி. ஒரே தட்டில் போக வேண்டும், இல்லையென்றால் நூறு.

தரை இடது பக்கம் சரிந்தது. யாரும் வலது பக்கமாகத்தான் தட்டுவார்கள். உட்கார்ந்து பார்த்தேன். குழியை ஒட்டிப் புல் கறுத்துத் தெரிந்தது. எதிர்த்து நிற்கிற புல். பந்தைச் சரியவிடாமல் பிடித்து வலது பக்கமே நிறுத்திவிடும். நேராக, கொஞ்சம் வேகமாக. இரண்டாயிரம் காலை இப்படிப்பட்ட திட்டில் மெஷின் ஓட்டியிருக்கிறேன். தட்டினேன்.

உள்ளே விழுந்த சத்தம். சின்னச் சத்தம்தான்.

99.

ராமநாதன் சார் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஸ். வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள், பந்து இருக்கிறதா என்று. "இப்ப அந்த ஒரு அடியும் சேந்துதான?" என்றாள். சேர்ந்துதான் என்றேன். அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நானும் உட்கார்ந்தேன்.

அட்டையில் 'ஆட்டக்காரர்' என்ற இடத்தில் என் பெயர். மூன்று தடவை வாசித்தேன்.

பிப். 12, வியாழன். மரக்காணம்

நேற்று வந்து சேர்ந்தோம். உடம்பெல்லாம் வலி. ஸ். காலையிலேயே உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்கப் போய்விட்டாள். பத்து மணிக்கு அவளுக்குச் சோறு கொண்டு போனேன். கூட வேலை செய்கிற பெண் அவளிடம் கேட்பது வரப்பின் இந்தப் பக்கமே காதில் விழுந்தது.

"கொடைக்கானல்ல இன்னாடி பாத்த?"

"தொண்ணூத்தொம்பது."

"இன்னாது?"

"எங்க வூட்டுக்காரரு பதினெட்டுக் குழிக்கு தொண்ணூத்தொம்பது அடி. நாந்தான் பை தூக்கினேன்."

"அதுக்கு இன்னா குடுத்தாங்க?"

"ஒன்னும் குடுக்கல" என்றாள் ஸ்., பெரிய கோப்பையே வாங்கி வந்தவள் மாதிரி.

தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் நடையைக் கட்டினேன். வழியெல்லாம் சிரிப்பு.