மாமரத்தடி வரலாற்று வகுப்பு

சாவகச்சேரி
12.8.1991

இஞ்சேருங்கோ,

கொழும்பிலை சுகமாய் இருக்கிறியளோ? நானும் உங்கடை பிள்ளையும் சுகம். பள்ளிக்கூடக் கூரை ஷெல் பட்டுப் போனபிறகு மாமரத்தடியிலைதான் வகுப்பு. இலையளுக்குள்ளாலை வெயில் விழுந்து பிள்ளையளின்ரை முகத்திலை ஆடேக்கை, குளத்துக்கடியிலை நிண்டு படிப்பிக்கிற மாதிரி இருக்கும்.

போன கிழமை, சிங்கள அரசனோடை சண்டை பிடிச்ச தமிழரசன் எல்லாளன்ரை பாடம். அரசாங்கப் புத்தகத்திலை அவன் அந்நியன். இயக்கப் பெடியள் தந்த தாளிலை குற்றமே இல்லாத தெய்வம். ரெண்டையும் வாசிக்க விட்டன். அருந்ததி எண்ட பிள்ளை எழும்பி, "டீச்சர், அந்தச் சண்டைக்குள்ளை வயல் ஆர் விதைச்சது?" எண்டு கேட்டாள். அந்தக் கேள்வியை எல்லாரையும் கொப்பியிலை எழுதச் சொன்னன்.

அடுத்தநாள் ரெண்டுபேர் வந்து, "எங்கடை தாளை மட்டும் படிப்பியுங்கோ" எண்டினம்.

"படிப்பிச்சால் ரெண்டும்தான், தம்பிமார்" எண்டன்.

என்ரை பேரை எழுதிக்கொண்டு போச்சினம்.

பள்ளிக்கூட அதிபர் என்னைத் தையல் பாடத்துக்கு மாத்திப்போட்டார். நீங்கள் யோசியாதேங்கோ. இப்ப வரவும் வேண்டாம்.

நேற்றுத் தையல் வகுப்பிலை பிள்ளையள் ஊசியை மடியிலை வைச்சிட்டு, "டீச்சர், அந்த அரசன் பிறகு என்னவானான்?" எண்டு கேட்டினம். சுத்திவர ஒருக்காப் பாத்தன். பிறகு, ரெண்டு விதமாயும் சொன்னன்.

எப்பவும் உங்கடை,
பிள்ளையின்ரை அம்மா