மூட்டத்தில் புதைத்த சென்சார்

மாப்ள,

இன்று காலை, தீயில் காட்டி எடுத்த வெப்பக் கவசத் துண்டு ஒன்றை அறுத்துப் பார்த்தோம். ரம்பம் இறங்கியதும் கரி வாசனை கிளம்பியது. பெங்களூரில், ஜன்னலே இல்லாத ஆய்வுக்கூடத்தில், சட்டென்று உன் சட்டையின் வாசனை. மற்றவர்கள் முகமூடியைச் சரிசெய்துகொண்டார்கள். நான் கழற்றிவிட்டு மூச்சை இழுத்தேன்.

என் வேலை என்னவென்று நம் ஊர் பரளச்சியில் ஒழுங்காகப் புரிந்துகொண்டவன் நீ ஒருவன்தான். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது கவசம் தான் கருகி உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும். எவ்வளவு ஆழம் கருகியது என்று அதில் பதித்த சென்சார் வயரில்லாமல் சொல்ல வேண்டும் என்றேன். "வயரு போட்டா என்னலே?" என்று கேட்டு, நீயே பதிலும் சொன்னாய். "ஓட்டை போடணும்ல. ஓட்டை விழுந்தா போச்சு, மூட்டம் பூராம் சாம்பலாயிரும்."

உன் அப்பா படுக்கையில் விழுந்த பிறகு படிப்பை விட்டுவிட்டு, விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் நின்றவன் நீ. வேலிக்கருவை விறகை அடுக்கி, காற்றுப் புகாமல் மண் பூசி, தீ வைத்துவிட்டால் அணையும்வரை நகர முடியாது. மண் எங்கே வெடிக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு பொங்கலுக்கு வந்தபோது, கழித்துப்போட்ட சென்சார் ஒன்றை உன் மூட்டத்தில் புதைத்தோமே. லேப்டாப்பில் சூட்டின் எண் ஏற ஏற நீ விசிலடித்தாய். நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது. "பாத்தியா, சூடு நின்னுருச்சு" என்று பெருமையடித்தேன். நீ மண்ணில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏலே, இது செத்துருச்சு மாப்ள. உசுரோட இருக்கிறது கூடக் கொறைய ஆகும். ஒரே நம்பரையே சொன்னா நம்பாத."

சரியாகத்தான் சொன்னாய். சென்சார் எப்போதோ கருகிவிட்டது. நாங்கள் எழுதிய நிரல், சிக்னல் வராதபோது கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. படித்தவன் செய்கிற மடத்தனம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பேன், எப்படியிருக்க என்று. "நல்லா இருக்கேன் மாப்ள." இருமுவாய். "புகைதான். நல்லா இருக்கேன்." மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டு என்றால், "மூட்டம் எரியுதுலே, விட்டுட்டு எங்க போக?" இரண்டு வருடம் அதே பதில், அதே குரல். எனக்கு உறைக்கவில்லை. உன் சாவு வீட்டில், நுரையீரல் முழுக்கப் போய்விட்டது என்று உன் மனைவி அழுதபோதுதான் உறைத்தது. பாவி, ஒரு தடவையாவது வேறு மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் உன் மேல் கோபம்தான் எனக்கு.

நிரலை மாற்றிவிட்டேன். இப்போது சிக்னல் வராவிட்டால் எண் இருக்காது, வெறும் கோடுதான்.

எனக்கும் இந்த அறை மூச்சு முட்டுகிறது மாப்ள. நன்றாகத் தூங்கி எத்தனையோ நாளாயிற்று. ஆனால் விட்டுவிட்டு எப்படி வர? அம்மா வீரசோழன் போகிற பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம்கூட "எம் மகன் ராக்கெட்டுல இருக்கான்" என்கிறாள்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். "நல்லா இருக்கியாய்யா?"

"நல்லா இருக்கேம்மா."

"எப்பக் கேட்டாலும் ஒண்ணு போலவே சொல்றியேய்யா."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். பிறகு, "நாளைக்குப் பொறப்பட்டு வாரேன்" என்றாள்.

டாக்டரிடம் போ என்று உன்னிடம் எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன். நான் வாரேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே மாப்ள.