ஞாபகத்துக்கு வந்த குளிசைகள்

நேற்று வெள்ளவத்தையில், காலி வீதி மருந்துக் கடையில் என் பிரஷர் குளிசைக்காகக் காத்து நின்றேன். கண்ணாடி அலுமாரிக்குள், விசிறி போன்ற இலைப் படம் போட்ட அந்தப் போத்தல் இருந்தது. இப்போது இங்கேயே கிடைக்கிறது. உங்களுக்கு அது கனடாவிலிருந்து வரவேண்டியிருந்தது.

அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த இறாக்கையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் நீங்கள். சண்டைக் காலத்தில் ஒரு நாள் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் பாண் வாங்கப் போனீர்கள். சந்தியில் ஆமிக்காரர் மறித்துக் கொண்டுபோய் இரண்டு நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, "எனக்கு மறதி வந்திட்டுது. இன்னொருக்கா மறந்தால் விடமாட்டாங்கள்" என்றீர்கள். உங்களுக்கு வந்தது மறதியல்ல, பயம். மனைவியான எனக்கு அது தெரியும்.

கனடாவிலிருந்த உங்கள் தங்கைக்கு அது தெரியவில்லை. "ஞாபகசக்திக்கு நல்லது, அண்ணா. வெறும் இலை தான்" என்று தொலைபேசியில் சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் போத்தலைக் கொடுத்துவிட்டா.

இருதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாள் முதல், இரத்தம் உறையாமலிருக்க நீங்கள் தினமும் குளிசை போட்டு வந்தீர்கள்.

"டொக்டரிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுக் குடியுங்கோவன்" என்றேன்.

"இலைக்கு என்னத்துக்கு டொக்டர்? நீர் சும்மா இரும்."

அடுத்த கிளினிக்கில், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று தாதி சிங்களத்தில் கேட்டா. "நே, மிஸ்" என்று, இல்லையெனத் தலையாட்டிச் சிரித்தீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் உங்களைத் திருத்தினால் மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டீர்கள். அந்த மூன்று நாளுக்குப் பயந்தேன்.

பிறகு பல் விளக்கும்போது இரத்தம் வந்தது. கையில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தது. "பிரஷ்ஷை அமத்திப்போட்டன்" என்றீர்கள். ஒரு காலை, அலுமாரிக் கதவில் தலை இடித்தது. சின்ன இடி தான். மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தீர்கள்; நாக்குக் குழறியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் த்ரீவீலரை மறித்து அட்டை கேட்டார்கள். என் தோளில் சரிந்திருந்த நீங்கள், சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினீர்கள். அன்றைக்கு நீங்கள் மறக்கவில்லை.

வேறு என்ன மருந்து எடுத்தவர் என்று டொக்டர் கேட்டபோது, கொண்டுபோன போத்தலை எடுத்துக் காட்டினேன். அவர் அதன் லேபிளை வாசித்தார்.

"இதுவும் இரத்தம் உறையிறதைக் குறைக்கும், அம்மா. இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குக் கசியிற இரத்தம் லேசில நிக்காது. ஆராவது முதலே சொல்லியிருந்தால் நிப்பாட்டியிருப்பம்."

மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

எட்டுச் செலவுச் சடங்கன்று உங்கள் தங்கை தொலைபேசி எடுத்தா. "அண்ணி, நான் அனுப்பின அந்தக் குளிசை… அண்ணா குடிச்சவரோ?"

"இல்லை. போத்தலைத் திறக்கவேயில்லை."

அவ அழுதா. பிறகு அவவுடைய குரல் தெளிந்தது.

அவவில் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓம் என்றிருந்தால், "அப்ப நீங்கள் ஏன் டொக்டரிட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டிருப்பா. அதை அவவின் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் தலையில் போட முடியவில்லை.