கடல் தாண்டினால் செல்லாத சீட்டு

தங்கச்சிமடம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

ரெஜினாவின் அப்பாவுக்கு,

மாதா துணை. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, பொய்தான் வரும். போனில் சத்தம் போட்டால் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து பஹ்ரைன் திரும்பும் உங்கள் கூட்டாளி வில்பிரட்டிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுசாய்ப் படியுங்கள்.

வலிப்பு மாத்திரை தீர்ந்து நாளாகிறதாமே! வில்பிரட் சொல்லித்தான் தெரியும். போட்டில் விழுந்து நாக்கு கிழிந்ததற்கு என்னிடம் "வழுக்கிருச்சு" என்றீர்கள். வழுக்கினால் நாக்கா கிழியும்? என்னைக் கிறுக்கச்சி என்று நினைத்தீர்களா?

ராமநாதபுரத்து டாக்டர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். நீங்கள் கேரளாவில் கொல்லத்தில் தங்கித் தொழில் பார்த்தபோது வீடியோவில் பார்த்தே மருந்துச் சீட்டு அனுப்பினார், அங்கேயும் கடையில் மாத்திரை கொடுத்தார்கள். இப்போதும் அதே போன், அதே முகம், அதே வலிப்பு. "இப்ப எங்க இருக்கீங்க?" என்றாராம். "பஹ்ரைன்ல சார்" என்றீர்களாம். அப்படியென்றால் சீட்டு எழுத முடியாது என்றுவிட்டாராம், முடிந்தது கதை. வயர்லெஸ்ஸில் யார் கேட்டாலும் மீன் பட்ட இடத்தை மாற்றிச் சொல்லுகிற மனுசன், டாக்டரிடம் மட்டும் அரிச்சந்திரன்!

பஸ் ஏறிப்போய் அவரிடமே சண்டை போட்டேன். "ஏன் சார், கடலத் தாண்டுனா நோய் மாறிருமா?" என்று கேட்டேன். நோய் மாறாதும்மா, சட்டம் மாறிரும் என்றார். நம் நாட்டுக்குள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர் பார்க்கலாமாம். வேறு நாட்டில் இருக்கிறவருக்கு அந்த நாட்டு டாக்டர்தான் எழுதவேண்டுமாம். நான் பார்சலில் மாத்திரை அனுப்பினால் வாங்குகிற உங்களைப் பிடித்தாலும் பிடிப்பார்களாம். நல்லாயிருக்குய்யா உங்க சட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மீன் பிடிக்க நம் ஆள் வேண்டும், அவன் விழுந்தால் மட்டும் எந்த ஊர்க்காரன் என்று பார்ப்பார்களாக்கும்!

பாவம், மனுசன் கோபப்படவில்லை. உங்கள் நோய் விவரத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். இதோடு வைத்திருக்கிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் காட்டினால் அவர்களே மாத்திரை எழுதுவார்களாம். முதலாளிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவான் என்றுதானே நீங்கள் போகாமல் இருக்கிறீர்கள்? அனுப்பட்டுமே! இங்கே கடல் வற்றியா போய்விட்டது?

மாத்திரை கைக்கு வரும்வரை போட்டில் ஏறாதீர்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் கூட வருகிறவர்களிடம் உங்களுக்கு வலிப்பு வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஓரத்தில் தனியாக நிற்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மாதா உங்களை விட்டு விலகாதிருக்கட்டும். வேலை போனால் போகிறது, கிளம்பி வாருங்கள். விமானத்தில் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள். மதுரையில் உங்கள் காலாலேயே நடந்து வெளியே வாருங்கள். நானும் ரெஜினாவும் வாசலில் நிற்போம்.

உங்கள்,
லீமாரோஸ்