மலை ஏறி வந்த தையல் மிஷின்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், குளிரில் மூக்கு ஒழுகுவதைத் தவிர ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மருமகளும் இதைவிடச் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் போனில் பேசாமல் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். உன் போன் வந்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், இது அவர் காதில் விழக் கூடாத பேச்சு. நாங்கள் தங்கியிருக்கிற இடத்து மானேஜர் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நீ செய்ததை நான் பொறுக்கவில்லையா.

ஊர் அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். பத்தரை மணிக்குத்தான் கடைக்காரன் கதவைத் திறக்கிறான், அதிலும் பாதிக் கதவை. ஒரு நூல்கண்டு கேட்டால் அவசரமா என்று கேட்கிறான். நாய் நடுரோட்டில் தூங்குகிறது, கார்தான் சுற்றிக்கொண்டு போகிறது. முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டி, சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் டீ குடித்துப் பழகிய மனுஷனை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாய். தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுகிறார், என்னவோ நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தது போல. அங்கே ஒரு டிரைவர், "பெரியவரே, மலை எங்கேயும் ஓடிடாது, உட்காருங்க" என்றானாம். லேட்டானதைக்கூட மன்னித்துவிட்டார், பெரியவரே என்றதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

வந்த அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அறைக் கதவில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் பெயின்டால் எழுதி வைத்திருந்தார்கள். பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றுதானே அனுப்பினாய், பத்து நாள் தங்குகிறவர்களுக்கு எந்த லாட்ஜில் கதவில் பெயர் எழுதுவார்கள்? உன் அப்பா அதற்குக் கீழே நின்று போட்டோ எடுக்கச் சொல்லி, "எம் பையன் எப்படி ஏற்பாடு பண்ணியிருக்கான் பாத்தியா" என்று மீசையைத் தடவிக்கொண்டார். வரிசையாகப் பதினான்கு அறை, எல்லாவற்றிலும் தலை நரைத்தவர்கள். எங்களைக் கண்டால் "வாங்க, பத்து நாள்" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், பைத்தியக்காரி. மூன்றாம் நாள் பக்கத்து அறையில் இருக்கிற ரிட்டயரான நர்ஸம்மாதான் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார், "புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இங்க அதான் பேரு. என் பொண்ணும் பத்து நாளுன்னுதான் கூட்டிட்டு வந்தா. ஆறு வருஷம் ஆச்சு." எங்கள் பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன்டா, கேட்டுக்கொள்.

மறுநாள் லாரி வந்தது. நல்லவேளை, அப்பா பஸ் ஸ்டாண்டில் இருந்தார். இறக்கினது என் தையல் மிஷினை. ஊசிக்கு அடியில் எதிர்வீட்டு டீச்சரின் ஜாக்கெட் மாட்டினபடியே இருக்கிறது, ஒரு கை வைத்தாயிற்று, இன்னொரு கை வைக்கவில்லை. பைப் ஒழுகுகிறது, சாவியை என் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கிளம்பும்போது நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானேஜர் பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, "வீட்டை வேற ஆளுக்கு விட்டாச்சாமே, மத்த சாமான் அடுத்த வாரம் வரும்னு உங்க பையன் சொன்னாரும்மா" என்றார். வீடு உன் பேரில் இருப்பது வாஸ்தவம்தான். அதற்காக உள்ளே இருந்த எங்களையும் சேர்த்தா ஒழித்துப் போடுவது? எனக்கு ஐம்பத்து நான்கு வயது, பரணில் ஏற்றுகிற வயதாடா இது? அம்மா அப்பாவுக்கு நல்ல காற்று என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாய். கேட்டிருந்தால் நாங்களே வந்திருப்போமோ என்னவோ. கேட்க மட்டும் உனக்கு வாய் இல்லை.

மிஷினை ஸ்டோர் ரூமில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஏழாம் நாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு முன் சீட்டுச் சொல்லி வைத்து, பையையும் கட்டிவிட்டார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாளெல்லாம் வயிற்றுவலி என்று அவரிடம் பொய் சொன்னது நான்தான். இந்தத் தடவை உனக்காக நான் பொய்யும் சொல்ல மாட்டேன், உண்மையையும் சொல்ல மாட்டேன். நீ சொல்.

மகராசனாக இரு. மருமகளுக்கு ஏழாம் மாதம், மாடிப்படியைப் பார்த்து ஏறச் சொல், வெயிட் எதையும் தூக்க வேண்டாம். பிறக்கிற பிள்ளை நோய்நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, எது செய்தாலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிற பிள்ளையாக இருக்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள். என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு. நீ பேசும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நீ போனை வைத்த பிறகு அவர் பக்கத்தில் இருக்கப்போவது நான் மட்டும்தான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்