அரக்கி ராணி உச்சுக் கொட்டினாள்

என் அரக்கி ராணிக்கு,

இன்றாவது கஞ்சியை முழுதாகக் குடித்தாயா? நம் கதை அனிமே கார்ட்டூன் படமாகிறதல்லவா, இன்றுதான் முதல் ஒலிப்பதிவு. அதனால்தான் மருத்துவமனைக்கு வர முடியவில்லை.

தன்னைக் கொல்ல வந்த வீரனைப் பாத்திரம் தேய்க்க வைக்கும் ராணிக்கு மிசோனோ என்ற பெண் குரல் கொடுக்கிறாள். "எப்படித் திட்டணும், சென்செய்? கத்தணுமா?" என்று கதை எழுதிய என்னைக் கேட்டாள்.

"கத்தாதம்மா. முதல்ல ஒரு உச்சுக் கொட்டு. அதுலயே அவன் பாதி செத்துடுவான்."

கொட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஈரக் குடையோடு வீட்டுக்குள் நுழைந்து உன்னிடம் மாட்டிக்கொண்டவன்போல் விறைத்து உட்கார்ந்தேன்.

திரும்பப் போட்டுக் காட்டியபோது அது இல்லை. வெறும் வாய்ச்சத்தம் என்று நினைத்து ஒலிப்பதிவாளர் வழக்கம்போல் வெட்டிவிட்டார். எதற்கும் வாய் திறக்காத நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அத எடுத்துட்டா இந்தக் கதையில மிச்சம் ஒண்ணுமே இல்லைங்க."

மனிதர் பயந்துபோய் ஒட்டிவைத்தார்.

உண்மைதானே? ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்துப் பார்த்தவள் நீ. நீ உச்சுக் கொட்டிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். ஊர் சிரித்தது அந்த இடங்களுக்குத்தான். அதற்கு நன்றி என்ற சொல் போதாது.

மாலையில் மருத்துவருக்குப் போன் செய்தேன். உன் குரல் திரும்புமா என்று கேட்கவில்லை. அந்தப் பதில் நம் இருவருக்கும் தெரியும். உச்சுக் கொட்டத் தொண்டை வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாமாம், நாக்கு போதுமாம்.

நாளை மழையாம். ஈரக் குடையோடு நேராக உன் அறைக்குள் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பாத்திரம் தேய்ப்பவன்